பொத்துவிலில் இரண்டு நாட்கள்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரமே உண்டு. காலை உணவை முடித்துக்கொண்டு புறப்பட்டால் பகலுணவுக்கு முன்னர் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆயினும், இத்தூரத்தைக் கடப்பதற்கு நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நம்முடன் ஒரே விடுதியறையில் இருந்து பயின்ற அன்பர் ஒருவர் பொத்துவிலைச் சேர்ந்தவர். இப்போது நம்மைப் போலவே ஆசிரியத் தொழில் புரிகிறார். அக்காலத்தில் ஒவ்வொரு விடுமுறை முடிந்து அவர் திரும்பும்போதும் அவருடைய தாயார் கிண்டிய தொதலில் ஒரு பங்கு நமக்கென்று தனியே பொதி செய்யப்பட்டு வரும். முகம் அறியாத ஒரு பிள்ளைக்கு அந்த அம்மையார் அனுப்பிய தொதலை நான்கு ஆண்டுகள் உண்டோம். அவரைப் போய்ப் பார்த்தோமல்லோம். பாதையெங்கும் சோதனைச் சாவடிகள் நிறைந்திருந்த காலம் அது. 2009 இல் யுத்தம் முடிந்தது, சாவடிகள் நீங்கின, வீதியும் செப்பமுற்றது. அதன் பின்னரும் “அடுத்த விடுமுறைக்கு வருகிறோம்” என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் கழிந்தன.

சென்ற ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிய அன்று நண்பர் தொலைபேசியில் அழைத்தார். “உம்மாவுக்கு எண்பது வயதாகிவிட்டது மச்சான். அந்த மட்டக்களப்புப் பிள்ளை இன்னும் வரவில்லையா என்று கேட்கிறார்” என்றார். அதற்கு மேல் சொல்ல நம்மிடம் சாட்டு எதுவும் இருக்கவில்லை. அவ்வார வெள்ளிக்கிழமை அதிகாலையில் மனைவியாரையும் மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் வீதி கடலோரமாகவே தெற்கு நோக்கிச் செல்கிறது. தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் கோத்த இருநிறப் பூக்கள் போல் மாறி மாறி வருகின்றன. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, சித்திரவேலாயுதர் கோயில் கொண்ட திருக்கோவில் என்று ஊர்ப்பெயர்களைப் பிள்ளைகள் வாசித்துக்கொண்டே வந்தனர். கோமாரிக்கு அண்மையில் சங்கமன்கண்டி முனை இருக்கிறது. இலங்கைத் தீவின் கிழக்குக் கோடி அதுதான் என்று கூறினோம். “அப்படியானால் இலங்கையில் சூரியன் முதலில் வருவது இங்கேதானா?” என்று இளைய மகள் கேட்டாள். பூகோள பாடத்தைப் பஸ்ஸில் படிப்பது எளிதுதான்.

நண்பர் தரிப்பிடத்தில் காத்து நின்றார். தலையில் நரை, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. கச்சான் காற்று வெப்பத்தை வாரி வீசிக்கொண்டிருந்தது. பொத்துவில் பெரிய நகரமன்று. ஆயினும் பல திசை மக்கள் வந்து கூடும் சந்தி. லகுகலையிலிருந்தும் பாணமையிலிருந்தும் வந்த சிங்களக் கிராமத்தவரும், கோமாரிப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளும், ஊர் முஸ்லிம் வணிகரும் கடைத்தெருவில் விலை பேசிக்கொண்டிருந்தனர். அலைச்சறுக்குப் பலகையை முச்சக்கர வண்டியின் கூரையிற் கட்டிக்கொண்டு வெள்ளைக்கார இளைஞர் இருவர் போயினர். எருமைத் தயிர்ச் சட்டிகள் கடைவாயில்களில் அடுக்கப்பட்டிருந்தன.

நண்பர் குடியிருப்பது மனைவியாருடைய வீடு. தாயார் இருப்பது இரண்டு தெரு தள்ளி மகளுடைய வீடு. மணமானவன் பெண்வீடு செல்வதும், தாய்வழியாகக் குடி எண்ணுவதும் மட்டக்களப்புப் பிரதேசத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கங்களாம். நாம் வருவதை அறிந்து அம்மையார் காலையிலேயே மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் அமர்ந்திருந்தவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “இப்பதான் வழி தெரிஞ்சிச்சா மகன்?” என்றார். கோபமும் இல்லை; குறையும் இல்லை. எனினும் அக்கேள்விக்கு நாம் விடை கூறவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. நமக்கு மரக்கறி நாள். அவர்களுக்கு ஜும்ஆ நாள். நண்பர் பள்ளிவாசலுக்குச் சென்று திரும்பியதும் எல்லோரும் ஒன்றாக உண்ண அமர்ந்தோம். நமக்கென்று சமைக்கப் புதுச் சட்டிகள் வாங்கப்பட்டிருந்தன என்பதை எமது மனைவியார் அடுக்களையிற் கண்டு வந்து மெல்லச் சொன்னார். அவ்வீட்டில் அதனை ஒருவரும் வாய்விட்டுக் கூறவில்லை.

வெயில் தாழ்ந்த பின் கடற்கரை மணல்மேட்டிலுள்ள முகுது மகா விகாரையைப் பார்க்கச் சென்றோம். கற்றூண்கள் மணலிலிருந்து எழுந்து நிற்கின்றன. அவற்றினிடையே நின்ற கோலத்தில் ஒரு புத்தர் சிலையும், அணிகலன் பூண்ட வேறு இரு சிலைகளும் காலத்தால் சிதைந்து காணப்படுகின்றன. அவ்விரண்டும் போதிசத்துவர் உருவங்கள் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். காவந்தீச மன்னனும் விகாரமகாதேவியும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

பிள்ளைகளுக்கு அக்கதையைக் கூறினோம். களனி மன்னன் ஒரு பிக்குவை அநியாயமாகக் கொன்றான். கடல் பொங்கி நாட்டை விழுங்கத் தொடங்கியது. அதன் சீற்றம் தணிய மன்னன் மகளைப் படகிலேற்றிக் கடலில் விட்டனர். படகு கரை சேர்ந்தது. காவந்தீசன் அவளை மணந்தான். துட்டகைமுனு அவள் வயிற்றுப் பிள்ளை. இது மகாவம்சம் தரும் வரலாறு. அவள் கரை சேர்ந்த இடம் இதுவே என்பர் இங்குள்ளோர். தெற்கேயுள்ள கிரிந்தை என்பாரும் உளர்.

கதை முடிந்ததும் நண்பர் மணல்மேட்டின் உச்சியைச் சுட்டிக்காட்டினார். “அதோ, அந்த இடத்தில்தான் உம்மா இருந்தார்” என்றார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் ஆழிப்பேரலைக்கு மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று காலை அம்மையார் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி இம்மணலில் ஏறினாராம். ஏறியவர் பிழைத்தனர். அவருடைய தங்கையார் கதவைப் பூட்டிவிட்டு வருவதாகக் கூறிப் பின்தங்கினார், வரவில்லை. அச்சமயம் நாம் மட்டக்களப்பில் நம் உறவினரைத் தேடிக்கொண்டிருந்தோம். நண்பரைப்பற்றி விசாரித்தது பத்து நாட்களுக்குப் பின்னரே.

இம்மேட்டைச் சூழ்ந்துள்ள நிலத்தில் விகாரைக்குரியது எது, குடிமக்களுக்குரியது எது என்பதுபற்றி நெடுங்காலமாகப் பிணக்கு உண்டு. 2020 ஆம் ஆண்டில் அது நாடெங்கும் பேசப்படும் செய்தியாயிற்று. தொன்மைச் சின்னம் சிதையாது காக்கப்படவேண்டும் என்பது நியாயம். தலைமுறையாகக் குடியிருப்போர் தம் வீட்டில் அச்சமின்றி உறங்கவேண்டும் என்பதும் நியாயம். இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கும்போது அளவுகோலும் வரைபடமும் மட்டும் போதா. ஒருவர் அச்சத்தை மற்றவர் அறிந்திருத்தலும் வேண்டும்.

இரவு உணவுக்குப்பின் அம்மையாரிடம் அந்நாளைப்பற்றிக் கேட்டோம். சிறிது நேரம் மௌனமாயிருந்தவர், “எல்லாரும் அங்கதான் ஏறினாங்க மகன். நம்மட ஆக்கள், தமிழாக்கள், சிங்களாக்கள். இது யாருட மணல் எண்டு அண்டைக்கு ஒருத்தரும் கேக்கல்ல” என்றார். பின்னர் பிள்ளைகளுக்கு நித்திரை வருகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்.

மறுநாள் விடியற்காலையில் களப்புக்குச் சென்றோம். மீனவர் ஒருவர் தம் தோணியில் நம்மை ஏற்றிக்கொண்டார். கண்டல் மரங்களின் வேர்கள் நீருக்குள் விரல்களை ஊன்றினாற்போல் இறங்கியிருந்தன. மீன்கொத்தியும் கொக்கும் நீர்க்காகமும் மலிந்த இடம் அது. இக்கண்டல் வேர்களினூடேதான் மீன்குஞ்சுகளும் இறாலும் வளர்கின்றன என்றும், கண்டலை வெட்டினால் வலை வெறுமையாகும் என்றும் தோணிக்காரர் கூறினார். பாடநூலில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும் செய்தியை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்தார்.

அங்கிருந்து, ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள அறுகம்குடாவுக்குப் போனோம். உல்லை என்பது ஊரவர் வழங்கும் பெயர். அலைச்சறுக்கு விளையாட்டுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை அலைகள் முனையைச் சுற்றி ஒழுங்காக வந்து மடிகின்றன. அன்னிய நாட்டினருக்குச் சமமாக உள்ளூர்ச் சிறுவரும் அலைமேல் நின்று வந்ததைக் கண்டு நம் மகன் அவ்விடத்தை விட்டு வர மறுத்தான். அங்குள்ள பாலத்தையும் ஆழிப்பேரலை சிதைத்தது. அமெரிக்க நிதியுதவியுடன் பின்னர் புதிய பாலம் எழுந்தது. அதன் மேல் நின்று ஒருபுறம் களப்பையும் மறுபுறம் கடலையும் பார்த்தோம்.

அப்போது நண்பர் தம் முன்னோரைப்பற்றிப் பேசினார். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626 ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேருக்கு மட்டக்களப்புப் பிரதேசத்தில் இடமளித்தான் என்று வரலாற்று நூல்கள் கூறும். அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். படகில் விடப்பட்ட அரசகுமாரி, துரத்தப்பட்ட வணிகர், பேரலைக்குத் தப்பிய தாய்மார் என்று எண்ணிப் பார்த்தோம். போக்கிடமற்று வந்தவரை ஏற்றுக்கொள்வது இந்தக் கரையின் பழைய பழக்கம் போலும். அழைப்பு வந்தும் வாராதிருந்தவர் நாம் ஒருவரே.

பிற்பகலில் விடைபெற்றோம். லகுகலை யானைகளைப் பார்க்கவில்லை. உகந்தை முருகனைத் தரிசிக்கவில்லை. இரண்டு நாட்கள் அவற்றுக்குப் போதவில்லை. அம்மையார் வழக்கம்போல் தொதல் பொதியைத் தந்தார். இம்முறை அதனை அவர் கையிலிருந்தே வாங்கினோம்.

“எப்ப வருவீங்க?” என்று அவர் கேட்டார். அடுத்த விடுமுறைக்கு என்னும் சொல் நாவின் நுனிவரை வந்தது. எமது மனைவியார் முந்திக்கொண்டார். டிசம்பர் விடுமுறையின் முதற் சனிக்கிழமை நண்பர் குடும்பம் அம்மையாருடன் மட்டக்களப்புக்கு வருவது. பொங்கல் கழிந்த வாரம் நாம் மறுபடியும் பொத்துவிலுக்குப் போவது. இரண்டு திகதிகளையும் அவ்வீட்டுச் சுவர்க் கலண்டரில் நம் மகள் வட்டமிட்டுக் குறித்தாள்.

வாசக அன்பர்களுக்கும் இத்தகைய ஓர் அழைப்பு எங்கேனும் காத்திருக்கக்கூடும். திகதியைக் குறித்துவிடுங்கள்.