நான் தோல் வெட்டக் கற்றுக்கொண்ட கதை



"கோடை விடுமுறையில் நான் கற்றுக்கொண்டது" என்ற தலைப்பில் சுவர் இதழுக்கு எழுதித் தரும்படி தமிழ் டீச்சர் சொன்னார்கள். நான் முதலில் "ரங்கோலி போடக் கற்றுக்கொண்டேன்" என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். ஏனென்றால் அது பொய். நான் உண்மையில் கற்றுக்கொண்டது செருப்புக்குத் தோல் வெட்டுவது. அதை எழுத ஏன் பயந்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்க தாத்தா சுங்குவார்சத்திரம் கூட்டு ரோட்டில் புங்க மரத்து நிழலில் உட்கார்ந்து செருப்பு தைப்பவர். கம்பெனி பஸ் நிற்கிற இடம் என்பதால் அடி பிய்ந்த சேஃப்டி ஷூதான் அவரிடம் நிறைய வரும். ஆனால் தாத்தாவுக்கு ரிப்பேர் மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் சென்னை பெரியமேட்டில், அளவு எடுத்து ஷூ தைக்கிற கடையில் வேலை செய்தவர். கடையில் விற்கிற செருப்பு எதுவும் பொருந்தாதவர்கள் இப்போதும் அவரைத் தேடி வருவார்கள். போலியோவால் ஒரு கால் குட்டையானவர், விபத்தில் பாதம் கோணிப் போனவர், சர்க்கரை வியாதியால் விரல் எடுத்தவர் என்று பல பேர். ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் எல்லாம் இவர்களுக்கு உதவாது.

எங்க அம்மா இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறார்கள். அங்கே தோலை மெஷினில்தான் வெட்டுவார்களாம். பிஸ்கட் அச்சு மாதிரி ஒரு இரும்பு அச்சு. அதைத் தோல் மேல் வைத்து மெஷின் ஒரே அழுத்து அழுத்தினால் துண்டு வந்துவிடும். "எல்லாம் ஒரே மாதிரி வரும். ஆனா தாத்தா கையில வெட்டுற மாதிரி ஒரு காலுக்குன்னு வெட்ட முடியாது" என்று அம்மா சொன்னார்கள். அதைக் கேட்டதில் இருந்துதான் எனக்கு ஆசை வந்தது.

"தாத்தா, எனக்கும் வெட்டக் கத்துக் குடு" என்றேன். தாத்தா முகம் மாறிவிட்டது. "வேணாம் பாப்பா. நீ பேனா புடிக்கிற கை. இந்தக் கத்தி என்னோட போவட்டும்" என்றார். பத்து நாள் கெஞ்சினேன். கடைசியில் ஆயாதான், "கத்துக் குடேன். கைத்தொழில் எதுவும் வீண் போவாது" என்று எனக்காகப் பேசினார்கள்.

முதல் நாள் கத்தியே தரவில்லை. ஒரு தோலை மடியில் போட்டு, "கண்ண மூடிக்கினு தடவிப் பாரு" என்றார். ஒரே தோலில் எத்தனை வித்தியாசம் தெரியுமா? முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளதளவென்று இழுத்தால் இழுபடும். கழுத்துப் பக்கம் சுருக்கம் இருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் மாடு மேயும்போது முள் கீறிய கோடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் தெரியும். அந்த இடங்களை விட்டு வெட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் பதனிடுவார்களாம். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களில் இந்தத் தொழில் அதிகம்.

இரண்டாவது பாடம், இழுத்துப் பார்ப்பது. தோல் ஒரு பக்கம் அதிகமாக இழுபடும், இன்னொரு பக்கம் இழுபடாது. ஷூவின் மேல் பாகம் வெட்டினால் விரலில் இருந்து குதிகால் வரைக்கும் இழுபடாத வாட்டம் வர வேண்டும். செருப்புப் பட்டை வெட்டினால் பட்டையின் நீளவாட்டம் இழுபடக் கூடாது. மாற்றி வெட்டினால் புதுசில் ஒன்றும் தெரியாது. ஒரு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும்.

அதற்குப் பிறகுதான் கத்தி. கார் சீட் தைக்கிற கடையில் மீந்த ரெக்சின் துண்டுகளில் பழகினேன். கத்தியை முதலில் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். மொட்டைக் கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும் என்பார் தாத்தா. இடது கை எப்போதும் கத்திக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், கத்தி போகிற வழியில் இருக்கவே கூடாது. வளைவு வந்தால் பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தின இடத்தில் படி விழும். கத்தியைத் திருப்புவதைவிடத் தோலைத் திருப்ப வேண்டும். எனக்கு முதல் வாரம் எல்லாமே எலி கடித்த மாதிரிதான் வந்தது. கட்டை விரலில் ஒரு காயம். ஆயா மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். பன்னிரண்டு நாளில் கை கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது.

கம்பெனி கேட் பக்கத்தில் இட்லி விற்கிற ஒரு ஆயா தாத்தாவிடம் வந்தார்கள். அவர்களுக்கு சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ரப்பர் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க நின்றிருக்கிறார்கள். புண் பெரிசாகி வலது கால் கட்டை விரலை எடுத்துவிட்டார்கள். இவர்களுக்கு விரல் கோர்க்கிற செருப்பு ஆகாது. அடியில் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைக்க வேண்டும். ஆணி அடிக்கவே கூடாது, ஒட்டித் தைக்கத்தான் வேண்டும். பின்னால் பட்டை வேண்டும்.

தாத்தா சாயந்திரம் வரச் சொல்லி அளவு எடுத்தார். சாயந்திரம் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அப்போது எடுத்தால்தான் இறுக்காது. ஆயாவை நிற்க வைத்து, காகிதத்தில் பென்சிலை நேராகப் பிடித்துக் கால் ஓரமாகக் கோடு போட்டார். பிறகு நாடாவால் சுற்றளவு. இரண்டு காலும் வேறு வேறு என்பதால் இரண்டு அட்டை வெட்டினார். "இன்னைக்கு நீ வெட்டு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இடது கால் நன்றாக வந்தது. பழகும்போது ஒரே அட்டையை வைத்து இடதுக்கு நேராகவும் வலதுக்குத் திருப்பியும் வெட்டிப் பழகியிருந்தேன். அதே பழக்கத்தில் வலது கால் அட்டையையும் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டேன்! விரல் இல்லாத பக்கத்தை மூட வேண்டிய துண்டு சுண்டு விரல் பக்கம் வந்து நின்றது. தோலைப் புரட்டிப் போடவும் முடியாது. அந்தப் பக்கம் சொரசொரப்பு.

தாத்தா திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மீதி இருந்தது வயிற்றுப் பக்கத் தோல் மட்டும். "இதுலயே வெட்டிடலாமா தாத்தா? அவங்களுக்குத் தெரியாது" என்றேன். தாத்தா என்னைப் பார்த்தார். "அவங்களுக்குத் தெரியாது பாப்பா. அதான் வம்பே. பட்டை தொளதொளன்னு ஆவும், கால் உள்ள வழுக்கும், தோல் உரியும். அவங்களுக்கு வலிக்காது. புண்ணு மட்டும் வளரும். அப்புறம் இன்னொரு விரல எடுப்பாங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அறிவியல் சாரிடம் இதைச் சொன்னபோது, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டரைப் பற்றிச் சொன்னார். தொழுநோயாளிகளின் கை கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் படுகிற காயங்களால்தான் கெடுகிறது என்று காட்டியவர் அவர். வலி என்பது நமக்குக் காவல்காரன் மாதிரி. அது இல்லாதவர்களுக்குச் செருப்புதான் காவல்காரன். அதை நான் சரியாக வெட்டாமல் விட்டால்?

சனிக்கிழமை தாத்தாவும் நானும் பூந்தமல்லி போய், அங்கிருந்து பஸ் மாறிப் பெரியமேடு போனோம். வழியில் இருங்காட்டுக்கோட்டை வந்தபோது தாத்தா, "உள்ள சிப்காட்டுல செருப்புக்குன்னே ஒரு காலேஜ் இருக்குதாம், உங்கம்மா சொல்லுச்சு" என்று கை காட்டினார்.

பெரியமேட்டுக் கடையில் வாசனையே வேற மாதிரி இருந்தது. கடைக்கார பாய் தோல்களை ஒவ்வொன்றாக விரித்தார். தாத்தா எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு, "நீயே பாரு" என்றார். நான் தடவினேன், இழுத்தேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நாலாவது தோலை எடுத்தேன். பாய் சிரித்துக்கொண்டே, "பேத்தி வியாபாரம் கத்துக்கிச்சு பெரியவரே" என்றார். தோலின் விலையில் பாதி என் உண்டியல் காசு. நானேதான் தந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையின் மேல் பக்கம் பெரிசாக "வலது – இந்தப் பக்கம் மேலே" என்று எழுதினேன். இரண்டு தடவை வைத்துப் பார்த்து, மூன்றாவது தடவைதான் கத்தி வைத்தேன். இந்தத் தடவை சரியாக வந்தது. தாத்தா ஒட்டித் தைத்துக் கொடுத்தார். அந்த ஆறு நாளும் இட்லிக்கார ஆயா காலில் துணி சுற்றிக்கொண்டு நின்றார்கள். நான் தினமும் சாயந்திரம் போய், "ஆயா, பாதத்தைக் காட்டு" என்று புண் இருக்கிறதா பார்ப்பேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. புதுச் செருப்பு போட்ட அன்றைக்கு, "கால்ல ஏதோ இருக்கிற மாதிரியே தெரியல" என்று சிரித்தார்கள். எனக்கு ரெண்டு இட்லி இலவசம்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நம் வகுப்பில் சிலர் என்னை "செருப்புத் தைக்கிறவர் பேத்தி" என்று சொல்லி மூக்கைப் பிடித்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அதனால்தான் ரங்கோலி என்று பொய் எழுதினேன். தாத்தா எனக்கு ஏன் கத்தி தர மறுத்தார் என்றும் இப்போது புரிகிறது. இந்தத் தொழிலுக்காக அவருடைய அப்பாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தார்களாம். அந்த அவமானம் கத்தியோடு சேர்ந்து என்னிடம் வந்துவிடும் என்று பயந்திருக்கிறார்.

அம்மா விசாரித்துச் சொன்னார்கள். இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது எஃப்.டி.டி.ஐ. என்கிற மத்திய அரசு நிறுவனத்தின் கிளை. அந்த நிறுவனம் 1986-இல் தொடங்கியது. 2017-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அதற்குத் தனிச் சட்டமே வந்தது. செருப்பு, ஷூ வடிவமைப்பு அங்கே பட்டப்படிப்பு. நுழைவுத் தேர்வு உண்டு. அடையாறில் 1948-இல் இருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் தோலைத்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள். யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க சேர்ந்தா மொத நாளே வலது அட்டையத் திருப்பிப் போட்டு வெட்டிடாத" என்றார்.

நான் சேருவேனா தெரியாது. அறிவியலில் இன்னும் மார்க் வாங்க வேண்டும். ஆனால் இனி யாராவது உங்க தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்வேன். தவறாக வெட்டிய அந்தத் துண்டு என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. பார்க்க ஆசைப்படுபவர்கள் கேட்கலாம், காட்டுகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி