தேரிக்காட்டில் ஒரு பகல்

தூத்துக்குடியில் வாழும் நமக்கு உல்லாசப் பயணம் என்றால் முயல் தீவுக் கடற்கரை, அல்லது வேன் அமர்த்திக்கொண்டு கன்னியாகுமரி. கால்நடையாகச் சென்று நமது மாவட்டத்தைக் காண்போம் என்று பீடச் சிறுவர் பதினால்வரிடம் நாம் சொன்னபோது அவர்கள் துள்ளிக் குதித்தனர். சென்ற ஆண்டு பாஸ்கு விழாவுக்குப் பின், தேர்வுகள் முடிந்த ஒரு சனிக்கிழமை அது. காயாமொழியில் பேருந்தைவிட்டு இறங்கித் தேரிக்காட்டைக் குறுக்கே கடந்து பரமன்குறிச்சி சேர்வது. அங்கிருந்து பேருந்தில் மணப்பாடு. திட்டம் வகுத்தவர் நாமே. ஆதலின் பின்னர் நேர்ந்ததற்குப் பொறுப்பும் நம்முடையதே.

தேரியைக் காணாத வாசகருக்குச் சிறிது சொல்ல வேண்டும். குருதி நிற மணல், மேடும் பள்ளமுமாய்க் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. மணற்பரல்களைப் போர்த்தியுள்ள இரும்புத் துருவே அந்நிறத்துக்குக் காரணம். ஆடிக் காற்றில் மணல் இடம்பெயரும்; நேற்றிருந்த ஒற்றையடிப் பாதை இன்று இராது. ஓரங்களில் பனையும் கொல்லாமாவும் உடையும் உண்டு; நடுவே நிழல் அரிது. இத்தகைய தேரிகளில் கற்கால மனிதர் விட்டுச்சென்ற சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பற்றிச் சொய்னர், ஆல்சின் என்னும் ஆய்வாளர் இருவர் 1956-இல் எழுதினர். இதை நாம் சொல்லி வைத்ததே வினையாயிற்று. பிள்ளைகள் பத்தடிக்கு ஒருமுறை குனிந்து மணலைக் கிளறலாயினர். (எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பது நமது கட்டளை. அகப்பட்டவை யாவும் வெறுங்கற்கள் என்பது வேறு கதை.)

ஒன்பது மணிக்குள் கடந்திருக்க வேண்டிய இடத்தில் மணி பதினொன்றரை ஆயிற்று. மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. ஆளுக்கொரு புட்டியாகக் கொணர்ந்த தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது. கைப்பேசி வரைபடம் திசையைக் காட்டிற்றேயன்றி நிழலைக் காட்டவில்லை. அப்போது ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பேச்சற்று அமர்ந்தான். முகம் வெளிறிக் கண்கள் சொருகின. இருபத்தைந்து ஆண்டுக் குருத்துவ வாழ்வில் எத்தனையோ மரணப் படுக்கைகளின் அருகில் நின்றிருக்கிறோம். அங்கெல்லாம் குற்றவாளியாய் நின்றதில்லை.

மூத்த பையன்கள் இருவர் அவனைத் தூக்கிக்கொள்ள, தொலைவில் தெரிந்த பனங்கூட்டத்தை நோக்கி விரைந்தோம். அங்கே பெரியவர் ஒருவர் பாளை சீவி இறங்கிக்கொண்டிருந்தார். கேள்வி ஒன்றும் கேளாமல் சிறுவனைத் தம் ஓலைக் குடிசையில் கிடத்தி, தலையும் மார்பும் குளிர நீர் தெளித்து விசிறினார். அவன் கண் திறந்த பின், முதலில் தண்ணீரும் பிறகு ஓலைப்பட்டையில் பதனீரும் சிறுகச் சிறுகப் புகட்டினார்.

“உச்சிப் பொழுதுல ஆடுகூடத் தேரிக்குள்ள இறங்காதே, சாமி” என்றார். அதில் கோபம் இல்லை. பணம் நீட்டினோம். “தாகத்துக்கு வந்த பிள்ளைகிட்ட காசா?” என்று கையை விலக்கிவிட்டார்.

வழியில் மருத்துவரிடம் காட்டினோம்; அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்றார். பேருந்தில் நம் பக்கத்தில் அமர்ந்திருந்த அச்சிறுவன் மெதுவாகச் சொன்னான்: “எங்க அப்பா வள்ளத்துல முதல்ல ஏத்துறது தண்ணிதான், சாமி. வலையெல்லாம் பெறகுதான்.” நாம் சன்னலுக்கு வெளியே பார்த்தவாறு இருந்தோம்.

மணப்பாட்டை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கி ஜெபித்ததாகப் போற்றப்படும் குகை, திருச்சிலுவைக் கோயில் நிற்கும் குன்றின் அடியில் கடலை நோக்கியுள்ளது. அலையோசை கேட்கும் அக்குகைக் கிணற்றில் ஊறுவது நல்ல தண்ணீர். மணலில் இறங்கும் மழைநீர் உவர்நீரினும் இலேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கும் என்று விளக்க வாயெடுத்தோம். ஒருவனும் கேட்கவில்லை, எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தனர்.

இரவு ஊர் திரும்பியதும், பிள்ளைகள் சொல்லுமுன் நாமே சிறுவனின் வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னோம். தாய் நெடுநேரம் பேசவில்லை. தந்தையோ அடுத்த பயணம் எங்கே என்று கேட்டார். மார்கழியில், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு என்றோம். தாமும் வருவதாகச் சொன்னார். தண்ணீர்ப் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டோம்.