டேலி ஆகாத குட்டி லாரி

உங்கள் தெருவில் எத்தனை மெக்கானிக்குகள் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையா? வண்டியை வாசலில் நிறுத்தி, ஸ்டார்ட் ஆகாத மாதிரி நாலு உதை உதையுங்கள். போதும். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு வருவார். 'சோக் போடுங்க சார்' என்பார் ஒருவர். 'முதல்ல சோக்கை எடுங்க' என்பார் இன்னொருவர். பால் வாங்கப் போகிறவர் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்கூட்டரைக் கைக்குழந்தை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்த்துத் தாலாட்டுவார். கடைசியில் வண்டி கிளம்பிவிடும். எதனால் கிளம்பியது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு மறுபடி நின்றால் மறுபடி அத்தனை பேரும் வரவேண்டும்!

நான் பி.காம். ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம் பச்சை இங்க்கில் டிக் அடித்தவன். எனக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாமல் நின்றால், விவரம் தெரிந்த கிளார்க் லெட்ஜரைக் கிழித்துப் போடமாட்டார். வித்தியாசத் தொகையைப் பார்ப்பார். அது 9-ல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ 54-ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. வித்தியாசம் 800 என்றால் பாதி 400-ஐத் தேடுவார். டெபிட்டில் எழுத வேண்டியது கிரெடிட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தப்பே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வித்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் பக்கம் ஒரு காலி மனையில் உதவியது. நின்றுபோனது ஸ்கூட்டர் அல்ல, நைட்ரோ லாரி.

நைட்ரோ லாரி என்றதும் திருவிழாக் கடையில் பென்சில் பேட்டரி போட்டு ஓடுமே, அதை நினைக்காதீர்கள். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். பெரிய பெரிய டயர். வயிற்றுக்குள் நிஜமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அளவு சுமார் 3.5 சி.சி.தான். ஆனால் முறுக்கினால் நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். ரேடியோ ரிமோட்டில் ஓட்டலாம். இன்றைக்கு இந்தப் பொழுதுபோக்கில் பேட்டரி வண்டிகள்தான் அதிகம். நைட்ரோ வைத்திருப்பவர்கள் கிராமபோன் வைத்திருப்பவர்கள் மாதிரி ஒரு தனி ஜாதி.

குடிப்பது பெட்ரோல் இல்லை. மெத்தனால், அதோடு நைட்ரோமீத்தேன், மசகுக்கு எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பாலும் நம்ம விளக்கெண்ணெயும் உண்டு!

இங்கே ஒரு நிமிஷம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். சர்பத் மாதிரி சிவப்பு, பச்சை கலரில் வேறு இந்த எரிபொருள் வருகிறது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது, குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பது, இரண்டும் கூடவே கூடாது. பட்டப்பகலில் மெத்தனால் எரிந்தால் ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டுச் சாமான்தான். சாப்பாடு மட்டும் விஷம்.

இதில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. குளோ பிளக் என்று ஒன்று. உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது இக்னைட்டர் என்கிற கைப்பிடி பேட்டரியை அதன் தலையில் மாட்டினால் சுருள் பழுக்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைப் பிடுங்கிவிடலாம். மெத்தனால் ஆவி பட்டுப் பட்டு பிளாட்டினம் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். எரியும் வாயுவில் பிளாட்டினக் கம்பி ஜுவாலையே இல்லாமல் கனலும் என்று ஹம்ப்ரி டேவி 1817-லேயே கண்டு சொன்னார். அதைப் பொம்மை விமான இன்ஜினுக்குள் கொண்டுவந்து கடையில் விற்றவர் அமெரிக்காவின் ரே ஆர்டன். அது 1940-களின் கடைசி.

லாரிக்குச் சொந்தக்காரர் என் நண்பர். பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் போனஸ் பணத்தில் வாங்கியது. இப்போது மனைவி, அம்மா, எல்.கே.ஜி. சேரப்போகும் மகள். ஸ்கூல் ஃபீஸ் முதல் தவணை 21,500 ரூபாய். கட்டக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பையன் 22,000-க்கு லாரியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். ஞாயிறு நாலு மணிக்கு வருவான். ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையில் காசு. 'ஓடலைன்னா வேணாம்ணே' என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

இரண்டு மணிக்கு எனக்கு போன். "டேய், ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதுடா. உடனே வா."

போய்ப் பார்த்தால், நண்பரின் சகலை ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கார்புரேட்டரில் உள்ள நீடில் ஸ்க்ரூவை ரேடியோவில் சிலோன் ஸ்டேஷன் தேடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருந்தார். "மிக்ஸ்ச்சர்தான் சார் பிராப்ளம். எல்லா வண்டிக்கும் அதான்."

ஸ்க்ரூ டிரைவரை மரியாதையாக வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். முதல் வைத்தியம் அதுதான்.

ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்தேன். கல்லில் கட்டியது மாதிரி இருந்தது, அசையவில்லை. இது ஒரு அடையாளம். எரிபொருள் அளவுக்கு மீறிப் போய் பிஸ்டனுக்கு மேலே தேங்கிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது. பலங்கொண்ட மட்டும் இழுத்தால் கயிறு அறும், இல்லையென்றால் உள்ளே ஏதாவது வளையும். பிளக்கைக் கழற்றி, லாரியைக் கவிழ்த்து, பழைய பனியனால் மூடிக்கொண்டு, கயிற்றை ஓர் அடி நீளத்துக்கு மேல் போகாமல் நாலைந்து தடவை இழுத்தோம். பனியன் நனைந்தது. கயிறு இளகியது. (முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பீய்ச்சி அடித்தால் கண்ணில் படும்.)

கையில் வந்த பிளக்கை இக்னைட்டரில் மாட்டினோம். பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் பழுக்க வேண்டிய சுருள், அணையப்போகும் ஊதுவத்தி மாதிரி மங்கலாகச் சிவந்தது.

"பிளக் போச்சு" என்றார் சகலை.

புது பிளக் ஒன்று இருந்தது. அதை மாட்டினோம். அதுவும் ஊதுவத்தி! இரண்டு பிளக்குகளும் ஒரே மாதிரி சோர்ந்துபோனால் நோய் பிளக்கில் இல்லை, இக்னைட்டர் பேட்டரியில். "ராத்திரி பூரா சார்ஜ் போட்டேனே" என்றார் நண்பர். உள்ளே விசாரித்ததில், படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுப்பது அவர் அம்மாவின் முப்பது வருஷப் பழக்கம் என்று தெரியவந்தது. கரண்ட் பில் மிச்சம். லாரி நஷ்டம்.

சார்ஜ் ஏறுகிற நேரத்தில் நீடில் ஸ்க்ரூவைக் கவனித்தோம். சகலை எத்தனை சுற்று திருகினார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் மெதுவாக வலது பக்கம் முழுக்க மூடி, அங்கிருந்து லாரியோடு வந்த புத்தகம் சொல்கிற எண்ணிக்கைக்குத் திறந்தோம். வலது பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், இடது பக்கம் திருகினால் கூடும். குறைவாகக் கொடுத்தால் வேகம் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் இன்ஜின் காய்ந்து கருகும், ஏனென்றால் மசகு எண்ணெயும் அதே குழாயில்தான் வருகிறது. பட்டினி போட்டு வேலை வாங்கினால் எந்த குமாஸ்தாவும் அதிக நாள் தாங்கமாட்டார் அல்லவா?

ஏர் ஃபில்டர் சுத்தம். சைலன்ஸரில் அடைப்பு இல்லை. ரிமோட்டை ஆன் செய்து, த்ராட்டில் வாய் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டுத் திறந்திருப்பதையும் பார்த்தாயிற்று. மணி மூன்று.

இக்னைட்டர் இப்போது தெம்பாக இருந்தது. கயிற்றை இழுத்தோம். 'பட்... பட பட...' என்று உயிர் வந்தது. இக்னைட்டரை எடுத்தோம். உயிர் போனது. மறுபடி மாட்டினால் வருகிறது, எடுத்தால் போகிறது.

"பார்த்தீங்களா, மிக்ஸ்ச்சர்!" என்று சகலை என் பையைப் பார்த்தார்.

பிளக் புதுசு. நீடில் கம்பெனி கணக்கில் இருக்கிறது. மிச்சம் இருந்தது எரிபொருள். பாட்டிலை எடுத்து வரச்சொன்னேன். போன மழைக்காலத்தில் திறந்தது, மூடி அரைகுறையாக நின்றது. மெத்தனாலுக்கு ஒரு குணம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சென்னைக் காற்றைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அப்பளமே அரை மணியில் நமத்துப்போகிற ஊர்! அலமாரியில் சீல் உடைக்காத பாட்டில் ஒன்று இருந்தது. டேங்கைக் காலி செய்து அதை ஊற்றினோம். வேறு ஒன்றையும் தொடவில்லை.

இரண்டாவது இழுப்பில் கிளம்பியது, பாருங்கள்! இக்னைட்டரை எடுத்த பிறகும் 'கிர்ர்ர்' என்று நின்ற இடத்தில் துள்ளியது. நீலப் புகை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "யாருக்குடா வயிறு சரியில்லை? விளக்கெண்ணெய் வாசனை வருதே!"

ட்ரயல் பேலன்ஸில் சில சமயம் இப்படித்தான், ஒரு வித்தியாசத்துக்குள் இரண்டு தப்புகள் ஒளிந்திருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் கலைத்தால் எது எது என்று கடைசிவரை தெரியாது.

காலி மனையில் ஒரு டேங்க் ஓட்டினோம். மகள் கைதட்டினாள். எரிபொருள் தீர்ந்து நின்றது. மறுபடி ஊற்றி இழுத்தோம். ஊஹூம். பத்து இழுப்பு. கிளம்பவில்லை. பிளக் பளிச்சென்று பழுக்கிறது, எரிபொருள் வருகிறது. ஆனால் கயிற்றில் ஒரு வித்தியாசம். குளிர்ந்திருந்தபோது பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தில் 'கடக்' என்று ஒரு பிடிப்பு இருந்தது. இப்போது கயிறு வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

இந்த வகை இன்ஜினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. மேலே குறுகும் பித்தளை ஸ்லீவில் பிஸ்டன் இறுக்கமாகப் போய் உட்கார்வதுதான் கம்ப்ரஷன். வயதானால் தேயும். சூட்டில் ஸ்லீவ் விரியும்போது அந்தத் தேய்மானம் வெளியே தெரியும். குளிர்ந்தால் ஸ்டார்ட் ஆகும், சூட்டில் ஆகாது. ஸ்க்ரூ டிரைவரால் தீராது. பிஸ்டனும் ஸ்லீவும் மாற்ற வேண்டும்.

மணி மூன்றே முக்கால். சகலை குரலைத் தணித்தார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஆறட்டும். பையன் முன்னாடி ஒரே தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டு. காசை வாங்கிக்கோ. ராணிப்பேட்டை போய்ச் சேர்றதுக்குள்ள அது அவன் வண்டி."

எங்கள் பாஷையில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று பெயர். டேலி ஆகாத தொகையைத் தற்காலிகமாக அதில் தூக்கிப் போட்டுவிட்டால் பக்கம் அழகாக முடிந்துவிடும். நண்பர் என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஃபீஸ் கட்ட வேண்டியவர் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பையன் வந்தான். இருபத்து மூன்று இருக்கும், நகக்கண்ணில் கிரீஸ், லேத்தில் வேலை. லாரி ஆறியிருந்தது. முதல் இழுப்பில் கிளம்பியது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தேர் பார்க்கிற குழந்தை! அதிகம் கேட்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தான். எல்லாம் 100-ம் 200-ம்.

நண்பர் அந்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எண்றதைக் கொஞ்சம் நிறுத்து" என்றார். "சூட்டுல ஸ்டார்ட் ஆகாது. பிஸ்டன், ஸ்லீவ் மாத்தணும். தெரிஞ்சுதான் வாங்கணும் நீ."

சகலை வானத்தைப் பார்த்தார். பையன் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். "சொன்னது நல்லதாப் போச்சுண்ணே. ஸ்லீவ் செட்டுக்குத் தனியாச் செலவாகும். 17 தரேன்."

முடிந்தது. ஸ்பேர் பிளக், இக்னைட்டர், பிரித்த புது பாட்டில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார் நண்பர். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, பிளக் துவாரத்தில் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுச் சுற்றிவைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே பேரிங் துருப்பிடிக்கும் என்று தெருமுனைவரை சொல்லிக்கொண்டே போனார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா தோற்றார்.

ஃபீஸுக்கு 4,500 குறைந்தது. 'வீட்டுக்குப் பிரயோஜனமில்லாத லாரி' என்று அதுவரை கரித்துக்கொட்டிய நண்பரின் மனைவி, நடந்ததைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பருப்பு டப்பாவிலிருந்து பணத்தை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார். சீட்டுக்குக் கட்ட வைத்திருந்தது. "அடுத்த மாசம் திருப்பிப் போட்டுடணும்" என்றார். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை ஃபீஸ் கட்டியாயிற்று.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, பிரின்டர் நின்றாலும் சரி, மார்ச் 31 ராத்திரி கணக்கு நின்றாலும் சரி, முதலில் பக்கத்து சீட்காரரின் கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்குங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். அப்படியும் டேலி ஆகவில்லையா? வீட்டுக்குப் போய், அம்மா எந்த சுவிட்சை அணைத்தார் என்று கேளுங்கள்.