உத்திரமேரூரும் ஒன்பது படிகளும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்கு ஏறத்தாழ 30 கிலோ மீட்டர். வழி நெடுகிலும் ஏரிகள். பார்வைக்கு நிலம் சமதளமாகவே தோன்றுகிறது. ஆயினும் அது கண்ணின் மயக்கமே. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்த நீர் கீழ் ஏரிக்குச் செல்கிறது. அங்கிருந்து அதற்கும் கீழே. தரை சரிந்துகொண்டே போகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அச்சரிவின் ஒரு துண்டு என் தமக்கையின் வீட்டுக் கொல்லையில் அகப்பட்டிருக்கிறது.

சமையலறை வாசலிலிருந்து கிணற்றடி வரை 30 அடி தூரம். அதற்குள் தரை நாலரை அடி இறங்கி விடுகிறது. சென்ற ஆண்டு ஆடி மாதம் சிறு தூறல் போட்ட ஒரு காலை, எங்கள் அன்னையார் அங்கே வழுக்கி விழுந்து இடக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். வயது 72. கிணற்றடிக்குப் போக வேண்டாம் என்றால் கேட்பவர்களா? மல்லிகைப் பந்தலும் கீரைப் பாத்தியும் அங்கேதானே இருக்கின்றன! எனவே படி கட்டுவதென்று அத்தானும் நானும் முடிவு செய்தோம். கொத்தனார் எதற்கு, நாமே கட்டிவிடலாம் என்று சொன்னவன் நான். அந்தப் பழியை அத்தான் மீது போட விரும்பவில்லை.

ஆவணியில் தொடங்கினோம். வீட்டு வாசலிலிருந்து கீழ்நோக்கி, 9 அங்குல உயரத்தில் ஆறு படிகள். வெட்டிய மண்ணையே முன்புறம் கொட்டி, காலால் மிதித்து, அதன்மேல் கல்லை வைத்தோம். "இது படியா, சுவரா தம்பி?" என்றார்கள் அம்மா. ஐப்பசியின் முதல் பெருமழை அவ்வினாவுக்கு விடை கூறிவிட்டது. பொழுது விடிந்தபோது மூன்று படிகள் வாய்க்காலில் கிடந்தன. கீரைப் பாத்தியும் அவற்றோடு போயிருந்தது.

மனச்சோர்வோடு வைகுந்தப் பெருமாள் கோவில் வரை நடந்தேன். குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டுகள் இங்கேதான் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் ஊர்ச்சபை எடுத்த தீர்மானங்கள் அவை. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஏறாது. இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்து விடுகிறார்கள்.

ஆனால் அன்று என் மனத்தில் தைத்தது வேறொன்று. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். இவற்றுள் சம்வத்சர வாரியத்துக்கு, முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களை, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்! தோட்டத்தையும் தண்ணீரையும் அறிந்த பின்னரே ஊர்ப்பொறுப்பு. பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் இவ்வூர் ஏரி. அதில் தூர் வாருவதற்கென்றே அறக்கொடைகள் வைத்த ஊர் இது. நானோ மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு நாளும் நின்று பார்க்காமல் கல்லை அடுக்கியிருந்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு முதிய கொத்தனார் இருக்கிறார். கொல்லையைப் பார்த்ததும், "கீழேயிருந்து ஆரம்பிக்கணும் ஐயா, மேலேயிருந்து இல்லே" என்றார். கூலி வாங்க மறுத்து, திண்ணையில் அமர்ந்து எங்களை வேலை வாங்கினார்.

தை மாதம், மண் இறுகிய பிறகு, மறுபடி இறங்கினோம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். சரிவை மூன்று தட்டுகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு தட்டும் ஒன்றரை அடி இறக்கம், மூன்று படி. ஆக 6 அங்குல உயரத்தில் ஒன்பது படிகள். இரண்டு படிகளின் உயரமும் ஒரு படியின் அகலமும் சேர்ந்து 24 முதல் 26 அங்குலத்துக்குள் இருந்தால் கால் தடுமாறாது என்பது கட்டடத் தொழிலின் கணக்கு. நாங்கள் அகலம் 13 அங்குலம் வைத்தோம். கணக்குக்கு முன்பே கொத்தனார் அம்மாவை அழைத்து, செங்கற்களை அடுக்கி ஏறி இறங்கச் சொல்லி அளவு பார்த்துவிட்டார்.

அடிக்கல்லுக்கு ஓரடி ஆழம் தோண்டி, ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். மேற்படியின் முன்விளிம்பு கீழ்ப்படியின் பின்பகுதியில் இரண்டு அங்குலம் ஏறி உட்கார்ந்தது. கல் ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல். கடப்பாரையால் நெம்பி, உருளைக் கட்டையில் தள்ளினோம். நீர் தேங்காதபடி கல்லின் மேற்பரப்பு முன்னோக்கிச் சற்றே சாய வேண்டும். தட்டுகளைத் தாங்கும் கற்சுவரோ அதற்கு மாறாக, மண்மேட்டின் பக்கம் சாய வேண்டும். அடிக்கு ஓர் அங்குலம். சுவருக்குப் பின்னால் ஒரு சாண் அகலம் உடைகல் நிரப்பினோம். மண்ணுக்குள் ஊறும் நீருக்கு வழி விடாவிட்டால் எந்தச் சுவரையும் அது தள்ளிவிடும் என்றார் கொத்தனார். படிகளின் பக்கவாட்டில் ஒரு சிறு கால்வாய். தட்டின் விளிம்புகளில் வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேரே ஆழத்துக்கு இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

பரங்கிமலைப் படிகளில் ஏறாத கத்தோலிக்கக் குடும்பம் நம் பகுதியில் அரிது. சிலுவைப் பாதை நிலைகளில் முழந்தாளிட்டு எழும்போது, அப்படிகளை அமைத்தவரை யார் எண்ணுகிறோம்? பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர், 1751இல் மறைந்தார். மலைக்கு வருவோர்க்காக 1726இல் அடையாற்றின் மீது பாலமும் கட்டியவர். படிகளையும் பாலத்தையும் பராமரிக்கத் தனியே பணமும் வைத்துச் சென்றார். கட்டுவதோடு வேலை முடியவில்லை என்று அறிந்த மனிதர். நாங்களும் மாசி, பங்குனியில் அசைந்த இரண்டு கற்களை மறுபடி தூக்கி வைக்க நேர்ந்தது.

இவ்வாண்டு ஐப்பசியில் மீண்டும் சென்றிருந்தேன். இரவு முழுதும் மழை. விடியற்காலையில் டார்ச் விளக்குடன் கொல்லைக் கதவைத் திறந்தால், எனக்கு முன்பே அம்மா முக்காடிட்டுக் கொண்டு இரண்டாம் தட்டில் நின்று கொண்டிருந்தார்கள். கால்வாயில் நீர் கலங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. "ஏழாவது படி மட்டும் கொஞ்சம் ஆடுதுடா" என்றார்கள். கடப்பாரையை எடுத்து வர உள்ளே திரும்பினேன்.