கரிபுலே

"கரிபுலே! கரிபுலே!"

மொரீஷியஸின் போர்ட் லூயி சந்தையில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மாள் கூவினார். கிட்டே போய்ப் பார்த்தால், கையில் கறிவேப்பிலை! ஆப்பிரிக்க முகவெட்டு, சுருட்டை முடி, பேசுவது கிரியோல். பக்கத்துக் கட்டைக் காட்டி என்னவென்று சைகையில் கேட்டேன். "ப்ரெட் முரூம்" என்றார். ப்ரெட் என்றால் கீரை. முரூம் நம் முருங்கை. அடுத்த கூடையில் பீர்க்கங்காய். அதற்குப் பெயர் பிபாங்காய்.

'இதெல்லாம் எங்கள் ஊர்ச் சொல்' என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. அவருக்கு அது தாய் சொல்லித் தந்த சொல், தினமும் அடுப்படியில் புழங்குகிற சொல். ஒரு கொத்து வாங்கி முகர்ந்தபடியே நடந்தேன்.

மனிதர்களே இல்லாமல் கிடந்த தீவு இது. எல்லாருமே கடல் தாண்டி வந்தவர்கள்தான். 1735-ல் பொறுப்பேற்ற பிரெஞ்சு கவர்னர் லா பூர்தோனே, புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் விலங்கோடு வந்தார்கள். 1835-ல் அடிமைமுறை ஒழிந்தபோது, கரும்புக் காட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்துகொண்டிருந்தார்கள். 1920 வரை வந்தவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். பெரும்பாலோர் இறங்கிய ஆப்ரவாசி காட் துறையில் 16 கல்படிகள் இருக்கின்றன. மூட்டை முடிச்சு பெரிதாக ஒன்றும் இல்லாமல் அந்தப் படிகளில் ஏறியவர்கள், நாக்கில் ருசியையும் கையில் தாளத்தையும் சுமந்து வந்திருக்கிறார்கள்.

அந்த ருசியைத் தெருமுனையிலேயே சாப்பிடலாம். பீகாரிகள் கொண்டுவந்த தால் பூரி இன்று தீவு முழுவதற்குமான காலைப் பலகாரம். வேகவைத்து அரைத்த கடலைப்பருப்பை மாவுக்குள் பொதிந்து, பூப்போல மெல்லிசாகத் தேய்த்துச் சுடுகிறார்கள். ஒற்றையாகக் கேட்பவர் இல்லை, ஜோடியாகத்தான் வாங்குகிறார்கள். பெரிய மொச்சைக் குழம்பும் தக்காளித் தொக்கு மாதிரியான ருகாயும் மிளகாய்ச் சட்னியும் தடவி, சுருட்டித் தாளில் வைத்துத் தருகிறார்கள். பக்கத்து வண்டியில் 'காதோ பிமா'. அசல் நம் பருப்பு வடையேதான்! அதை பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி உள்ளே வைத்துக் கடிக்கிறார்கள். எதிரே சீனக் கடையில் நூடுல்ஸ் வதங்குகிறது. முஸ்லிம் அண்ணன் பிரியாணி தேக்சாவைத் திறக்கிறார். நாலு கடையிலும் வரிசையில் நிற்பது எல்லா ஜனங்களும்தான்.

தமிழர் வீட்டு விசேஷத்துக்கு வாழையிலையில் 'செத் கரி' பரிமாறுவார்கள். செத் என்றால் பிரெஞ்சில் ஏழு, கரி நம்முடையது. ரசத்துக்குப் பெயர் 'ரசோன்'. பெயர்தான் பிரெஞ்சு மூக்கொலியில் முடிகிறது. புளியும் மிளகும் அப்படியே இருக்கின்றன.

சாயங்காலம் கடற்கரையில் செகா ஆட்டம். கரும்புத் தோட்ட அடிமைகள் இரவில் பாடி ஆடிய கலை இது. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பீகார் வழிப் பெண்கள் கல்யாண வீட்டில் சொம்பையும் கரண்டியையும் தட்டிப் பாடும் கீத் கவாயும் 2016-ல் அதே பட்டியலுக்கு வந்தது.

ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் ஓலையைக் கொளுத்தி, ஆட்டுத்தோல் கட்டிய அகன்ற ரவான் மேளத்தை அனலில் காட்டித் திருப்பினார். விரலால் சுண்டிப் பார்த்தார், மறுபடி காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊர்த் திருவிழாவில் பறை காய்ச்சுகிறவர் இதே மாதிரிதான் சுண்டிப் பார்ப்பார்.

மேளம் பேசத் தொடங்கியதும் பெண்கள் பாவாடையை விரித்து, பாதம் மணலை விட்டு எழாமல் இடுப்பசைத்து ஆடினார்கள். விலங்கு பூட்டிய மனிதர்களின் பிள்ளைகளும் கூலிச்சீட்டோடு வந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் நின்றார்கள். எது யாருடையது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. காலையில் அந்த அம்மாளிடம் நான் வாயை மூடிக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று. கரிபுலே அவருடைய சொல்லும்தான்.