வலிக்கு ஒரு சொல்

போரைப் பற்றி நாங்கள் நிறையவே எழுதியிருக்கிறோம். உடம்பைப் பற்றி எழுதியது குறைவு. சான் ரமோனில் வாழும் எங்களில் பல பெண்கள் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டோம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, யோனி வறண்டு, உறவு வலியாகிறது. பாலூட்டும் மாதங்களிலும் இப்படி நேர்வதுண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, தலையிடி என்று திரும்பிப் படுப்பதே வழக்கம். கணவன்மார் அதை வெறுப்பென்று எடுத்துக்கொள்கிறார்கள். அகதி வாழ்வு விட்டுவைத்த நெருக்கமும் இப்படித்தான் குறைகிறது.

மருந்துக்கடைத் தட்டில் இதற்கான ஜெல்கள் வெளிப்படையாகவே அடுக்கியிருக்கின்றன. எல்லாம் ஒன்றல்ல. கிளிசரின் மிகச் செறிந்தவை, உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதுபோல, திசுவிலிருந்து நீரை இழுத்து எரிவு தரும். அடர்த்தி கிலோவுக்கு 1200 மில்லி ஒஸ்மோலைத் தாண்டக்கூடாது, 380க்குக் கீழே இருப்பது நல்லது, பிஎச் 4.5 அளவில் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்னது. வாசனை சேர்த்ததையும் நொனொக்சினோல்-9 கலந்ததையும் விட்டுவிடலாம்.

எங்களுக்கு எதற்கும் தேங்காயெண்ணெய்தான். ஆனால் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை நைந்து கிழியும். நீரோ சிலிக்கோனோ அடிப்படையானவை அப்படிச் செய்யாது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டால் ஜெல் தேடாமல் டொக்டரிடம் போகவேண்டும். இவற்றை எங்கள் மகள்மாருக்கும் தமிழிலேயே சொல்லிவைப்போம்.