கொல்லை நீண்ட வீடு

மன்னார்குடியில் அத்தை வீட்டைத் தெருவிலிருந்து பார்ப்பவர்கள் சின்ன வீடு என்றுதான் சொல்வார்கள். இரண்டு தூண் வைத்த திண்ணை, நாட்டு ஓடு, குனிந்து நுழைய வேண்டிய வாசல். உள்ளே போனால் ரேழி, முற்றம், கூடம், சமையற்கட்டு, கிணற்றடி என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். கிணற்றடியைத் தாண்டினால் கொல்லை. அது பின்பக்கச் சந்து வரைக்கும் ஓடும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய தெருக்களில் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். அகலத்தில் பிடித்ததை நீளத்தில் கொடுத்திருப்பார்கள். அத்தை வீட்டில் மனிதர்களைவிட வாழைக்கும் அவரைக்கும்தான் இடம் தாராளம்.

எட்டாவது முடித்த கையோடு அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். எங்கள் கிராமத்தில் அதற்குமேல் பள்ளிக்கூடம் கிடையாது. அத்தை ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மாமாவுக்கு அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை. வீட்டில் சாமான் என்று பார்த்தால் ஓர் ஊஞ்சல், ஒரு மேசை, மாமா குளிக்கும்போதும் பாடிக்கொண்டிருக்கும் ஒரு ரேடியோ, ஓர் இரும்பு பீரோ. அந்த பீரோவுக்கு மட்டும் பூட்டு உண்டு. நகை ஏதோ இருக்கிறது என்று நானும் கொஞ்சகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்தால் காலிகோ அட்டை போட்ட பைண்டு புத்தகங்கள், மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை.

எல்லாம் வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைகள். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் கல்கியில் தொடங்கி மூன்றரை வருடம் ஓடியது அல்லவா, அதை வாரம் தவறாமல் கிழித்து வைத்தவர் என் தாத்தா. அத்தைக்குக் கல்யாணச் சீராக வந்ததில் இன்றைக்கும் பேசும்படி இருப்பது அந்தக் கட்டுத்தான். பைண்டிங் செய்தவர் பசையில் மயில்துத்தம் கலந்திருந்ததால் பூச்சி அண்டவில்லை. ஓர் அத்தியாயம் மட்டும் காணாமல் போய்விட்டது. அந்த வார இதழ் யார் வீட்டுக்கோ போய்த் திரும்பவில்லை. சிறுமியாக இருந்த அத்தை எதிர்வீட்டுப் பிரதியை இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத்தாளில் அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதிச் சேர்த்திருந்தாள். மணியத்தின் படம் வர வேண்டிய இடத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, உள்ளே ‘இங்கே படம்’ என்று எழுதியிருந்தாள். அச்சில் படித்துக்கொண்டே வரும்போது திடீரென்று அத்தையின் குண்டு குண்டான எழுத்து வரும். அந்த அத்தியாயத்தில் மட்டும் வந்தியத்தேவன் எனக்கு அத்தை குரலில் பேசுவான்.

இந்த பைண்டு புத்தகங்களில் இன்னொரு ருசி உண்டு. தொடர்கதை முடிகிற பக்கத்தின் மறுபுறம் வேறு ஏதாவது இருக்கும். தலைவலி மருந்து விளம்பரம், சினிமா விமர்சனத்தின் வால், ஒரு சிறுகதையின் நடுப்பாதி. அந்தச் சிறுகதைக்குத் தலையும் கிடையாது, முடிவும் கிடையாது. ரயிலடியில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்பாள், ஏன் என்று தெரியாது. ராத்திரி படுத்துக்கொண்டு அவளுக்கு நானே காரணம் கண்டுபிடிப்பேன். பிற்காலத்தில் நான் நாலு கதை எழுதியதற்கு விதை எது என்று கேட்டால், பெரிய எழுத்தாளர்கள் பெயரைச் சொல்வதைவிட அந்தப் பின்பக்கங்களைச் சொல்வதுதான் நியாயம்.

கொல்லையில் எனக்கு முதலில் கிடைத்தது ஒரு கீரைப்பாத்தி. பையன்களுக்குப் பொறுமை கிடையாது, அதனால் கீரை என்பது அத்தையின் கணக்கு. விதைத்து மூன்று நான்கு நாளில் முளை தெரிந்துவிடும், ஒரு மாதத்துக்குள் பிடுங்கிக் கடைந்துவிடலாம். கீரை விதை கடுகைவிடப் பொடி. அப்படியே வீசினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடம் மொட்டையாக நிற்கும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவ வேண்டும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் கோடு போடாவிட்டால் எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டில் பூவாளி கிடையாது. பால்பவுடர் டின் அடியில் ஆணியால் துளை போட்டதுதான் பூவாளி. சொம்பால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்ப் பாத்தி ஓரத்தில் ஒதுங்கிவிடும். அத்தை அதை மூன்று தடவை சொல்வாள், நாலாவது தடவை டின்னைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவாள்.

கத்தரி அடுத்த வகுப்பு. நாற்றுப் பறித்து நடுவது சாயங்காலம்தான், அதுவும் வெயில் இறங்கிய பிறகு. மறுநாள் காலையில் வாழைப்பட்டையை முழ நீளத்துக்கு வெட்டி, மடக்கி, ஒவ்வொரு நாற்றின் மேலும் குடிசை மாதிரி கவிழ்க்க வேண்டும். உள்பக்கம் ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். நாலைந்து நாள் அந்தக் குடிசைக்குள் இருந்துவிட்டால் நாற்று வேர்பிடித்து நிமிர்ந்துவிடும். பட்டையை எடுக்கிற அன்றைக்கு ஒவ்வொன்றையும் பயந்து பயந்து தூக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது. காய்ந்து கருகியதும் இருக்கும். ஒன்றிரண்டு புது இலை விட்டிருக்கும்.

அவரைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆடியில் ஊன்ற வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நெல்லுக்கு மட்டும் சொன்னதில்லை. பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும் ஜாதி. மார்கழி, தை என்று பனி இறங்கும்போது பந்தல் முழுக்க ஊதாப்பூவும் பிஞ்சுமாக நிற்கும். நான் அவசரப்பட்டுப் பங்குனியில் ஊன்றலாமா என்று கேட்டபோது அத்தை, “ஊன்று, பந்தலுக்கு நிழல் வரும்” என்றாள், அவ்வளவுதான். பூக்கிற சமயத்தில் கொழுந்தில் கறுப்பாகப் பேன் அப்பிவிடும். விடிகாலையில் இலை நனைந்திருக்கும்போது அடுப்புச் சாம்பலை முறத்திலிருந்து தூவ வேண்டும். பனியில் சாம்பல் ஒட்டும். வெயில் ஏறியபின் தூவினால் பாதி நம் கண்ணில், பாதி பக்கத்து வீட்டு வடகத்தில். புடலைக்குக் கல் கட்டுவது, பரங்கி விதையைச் சாண உருண்டையில் பொதிந்து சுவரில் அப்பி வைப்பது, மார்கழிக் கோலத்துக்குப் பறிக்கும்போது ஆண்பூவை மட்டும் பறித்துக் காம்படியில் பிஞ்சோடு இருக்கிற பெண்பூவை விட்டுவைப்பது எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன.

அந்த வீட்டில் எதுவும் ஒரே இடத்தில் நின்றதில்லை. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போகும், அங்கிருந்து சாணி வரும். புளித்த மோர் கறிவேப்பிலைக்கு. வாரப் பத்திரிகைகளுக்கும் இதே ஏற்பாடு. எங்கள் வீட்டில் கல்கி, எதிர்வீட்டில் ஆனந்த விகடன், மூன்றாவது வீட்டில் குமுதம். கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும் வேலை என்னுடையது. கொடுக்கிற வழியில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் முடித்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சண்டையும் வந்ததுண்டு. எதிர்வீட்டு அம்மா குறுக்கெழுத்துப் போட்டியைப் பேனாவால் நிரப்பிவிட்டுத்தான் இதழை அனுப்புவாள். அத்தை அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ரேடியோவில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியை அத்தை தவறவிட மாட்டாள். எங்களுக்கு நிலம் ஒரு குழிகூடக் கிடையாது. ஆனாலும் உரம், மருந்து, பட்டம் எல்லாவற்றையும் பொறுப்பாகக் கேட்டுக்கொள்வாள். தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த நிகழ்ச்சிக்கு அத்தனை செல்வாக்கு. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லை வானொலி வழியாகவே விவசாயிகள் தெரிந்துகொண்டு பயிரிட்டதால், ஊரில் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் விழுந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். பாமணி ஆற்றில் தண்ணீர் வந்து சில நாளில் எங்கள் கிணறும் ஊறும். கிணற்றுக் கயிற்றில் அத்தை முடிச்சுகள் போட்டு வைத்திருந்தாள். எந்த முடிச்சு வரை நனைகிறது என்று பார்த்துத்தான் புதுப் பாத்தி போடலாமா, இருக்கிறதை மட்டும் காப்பாற்றலாமா என்று முடிவு.

நூலகத்துக்கு என்னை முதலில் விரட்டியது வீட்டுவரி ரசீது. ஒருநாள் ரசீதில் நூலக வரி என்று ஒரு வரியைக் காட்டி, “பணம் கட்டியாச்சுடா தம்பி. நீ போய்ப் படிக்காட்டி நமக்குத்தான் நட்டம்” என்றாள். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து வீட்டுவரியோடு சேர்த்து நூலகத்துக்கும் வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்துக்காக வருடக்கணக்காக அலைந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மாமா அதைச் சொல்லாமல் எந்த விருந்தாளியையும் அனுப்பியதில்லை. 1931 அக்டோபரில், பக்கத்து மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் அலமாரி கட்டிப் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ரங்கநாதன் தம்முடைய நூலக விதிகள் ஐந்தையும் புத்தகமாக வெளியிட்டதும் அதே வருடம்தான். புத்தகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்று அவர் எழுதிக்கொண்டிருந்தபோது இங்கே மாடு பூட்டிவிட்டார்கள் என்பது மாமாவின் பெருமை. கொஞ்சம் மிகைதான், ஆனால் ஊர்ப்பெருமையில் அது இல்லாமல் எப்படி.

நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் பள்ளி விட்டதும் அங்கேதான். துப்பறியும் நாவல்களில் கடைசிப் பக்கத்தை எவனோ கிழித்திருப்பான். அவனைக் கண்டுபிடிக்க ஒரு துப்பறிவாளன் வேண்டும். மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமனின் புத்தகங்களை அத்தை கேட்டு வாங்கிவரச் சொல்வாள், ஆனால் எனக்குத் தரமாட்டாள், “பத்தாவது முடி” என்பாள். அதனாலேயே ஒன்பதாவதில் படித்தேன். நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் விற்பனை வண்டி வரும்போது சோவியத் புத்தகங்கள் கொள்ளை மலிவு. கெட்டி அட்டை, வழவழத் தாள், பனியில் நடக்கும் குதிரைகள். பனி என்றால் அவரைமேல் இறங்குவது மட்டும்தான் என்று நினைத்திருந்தவனுக்கு அது வேறு உலகம்.

அத்தை எப்போது படித்தாள் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். பள்ளி, சமையல், கிணறு, பாத்தி போக அவளுக்கென்று நேரம் ஒதுங்கியதே இல்லை. உப்புச் சாடியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் ரசத்துக்குப் புளி கரைத்தபடி, மறுகையின் புறங்கையால் பக்கம் புரட்டுவாள். நூலகப் புத்தகத்துக்குச் செய்தித்தாள் அட்டை போட்ட பிறகே சமையற்கட்டில் அனுமதி. பீரோப் புத்தகங்களில் மஞ்சள் கறை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கதை சூடு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வீட்டை நினைத்து உருகுகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேர். கல்யாண வீடுகளில் கூடினால் அந்தக் காலத்து எளிய வாழ்க்கை என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் தலையாட்டுவேன், ஒரு எல்லை வரை. கொல்லைக் கோடியில், சந்தை ஒட்டி, எடுப்புக் கக்கூஸ் ஒன்று இருந்தது. விடிவதற்கு முன் ஒரு பெண்மணி சந்து வழியாக வந்து, தகரக் கதவைத் தூக்கி அள்ளிக்கொண்டு போவார். வீட்டுக்குள் அவர் வந்ததில்லை. பசு, கறிவேப்பிலை, எதிர்வீட்டுக் குறுக்கெழுத்து வரை அத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிற எங்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும், மனிதரை வைத்து அள்ள வைப்பதையும் தடுக்கும் சட்டம் 1993இல்தான் வந்தது. எதையும் வீணாக்காத வீடு என்று எங்களைச் சொல்லிக்கொள்ளும்போது, யாருடைய முதுகில் அது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மாமா போன பிறகு அத்தை ஓய்வு பெற்று எங்களோடு தஞ்சாவூரில் வந்து இருந்தாள். மன்னார்குடி வீட்டை விற்றாகிவிட்டது. வாங்கியவர் வாசலில் இரண்டு கடை, மேலே இரண்டு மாடி என்று சந்து வரை கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கடைத்தெரு அங்கே வந்துவிட்டது. நான் மொட்டைமாடியில் பைகளில் மண் நிரப்பி அவரை போட்டிருக்கிறேன். என் மகள் கைபேசியில் காணொளி பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறாள், பேன் போகிறது. சாம்பலுக்கு நான் எங்கே போவேன், வீட்டில் கேஸ் அடுப்பு.

பீரோவைப் பங்கு போட்டபோதுதான் எங்கள் குடும்பத்தின் ஒரே பாகப்பிரிவினைத் தகராறு வந்தது. வீடு விற்ற பணத்துக்குக்கூட யாரும் குரல் உயர்த்தவில்லை. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு சுற்றில் விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது அத்தைதான். அத்தை எழுதிச் சேர்த்த அத்தியாயம் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. அது திருச்சியில் சின்ன அத்தை மகனிடம் போயிற்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் பண்ணிக் கேட்கிறேன். இன்னும் பாதிதான் படித்திருக்கிறானாம்.